நாலரை வயதுப் பையனுக்கு ஈறில் சீழ்க்கொப்புளம்: பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்ற அப்பா அம்மாக்களுக்கும் புரியும். பையனுக்கு நாலரை வயது, எடை 16 கிலோ. கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைசியாக இருக்கிற கடைவாய்ப் பல் சொத்தை. போன வாரம் மூன்று ராத்திரி தூங்காமல் அழுதான். ஆன்டிபயாடிக் சிரப் ஐந்து நாள் கொடுத்ததும் வலி நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம், அழுத்தினால் மஞ்சளாக ஏதோ வருகிறது. ஒரு பல் டாக்டர் பிடுங்கிவிடலாம் என்கிறார், இன்னொருவர் ரூட் கெனால் செய்து கேப் போடச் சொல்கிறார், வீட்டில் உங்கள் மாமியார் "விழப்போற பல்லுக்கு எதுக்கு இத்தனை செலவு" என்கிறார். வலியே இல்லாதபோது இப்போது ஏதாவது செய்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

செய்தே ஆக வேண்டும். இருபது வருடமாகக் குழந்தைகளின் பற்களை மட்டுமே பார்த்துவருகிறேன், பெற்றோர் அதிகம் ஏமாந்துபோவது இந்த "வலி நின்றுவிட்டது" என்கிற கட்டத்தில்தான். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மெல்லிய சதை ஒன்று இருக்கிறது. அது உயிரோடு இருந்து வீங்கும்போதுதான் அந்தத் தாங்க முடியாத ராத்திரி வலி வரும், ஏனென்றால் சுற்றிலும் கெட்டியான பல், வீங்குவதற்கு இடமே கிடையாது. அப்புறம் அந்தச் சதை செத்துப்போய், சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறு வழியாக வெளியே வர வழி கிடைத்ததும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிடும், வலியும் போய்விடும். உங்கள் பையன் இப்போது தூங்குகிறான் என்றால் நரம்பு செத்து, சீழுக்கு வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். பல் குணமாகவில்லை.

சிரப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த ஆன்டிபயாடிக்கும் ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர முடியும், செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. பல்லைச் சுற்றியுள்ள சதையிலும் எலும்பிலும் பரவிய கிருமிகளை மருந்து கொஞ்சம் அடக்கும், பல்லுக்குள் குடியிருக்கிற கூட்டத்தை அது தொடக்கூட முடியாது. அதனால்தான் இரண்டு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ திரும்ப வீங்குகிறது, திரும்ப அதே சிரப், திரும்ப ஐந்து நாள். இப்படி வருடத்துக்கு நான்கு தடவை ஆன்டிபயாடிக் குடித்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், பல்லைத் திறந்து பார்க்க ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

சரி, இன்று ராத்திரியே ஓட வேண்டுமா? நீங்கள் சொல்கிற நிலையில் அவசரம் இல்லை, ஒரு வாரத்துக்குள் போனால் போதும். ஆனால் இதில் ஏதாவது ஒன்று வந்தால் விடியும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்: கன்னமோ தாடைக்கு அடியிலோ வெளியே தெரிகிற அளவுக்கு வீங்குவது, வீக்கம் மணிக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போவது, காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து படுப்பது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவது, மேல் பல்லாக இருந்தால் கண் இமை வீங்கி மூடிக்கொள்வது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ கிளினிக்குக்குப் போகாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, 108-க்கு அழைத்தாலும் சரி. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டியாக வீங்கினால் அது மூச்சுக்குழாயையே அடைத்துவிடும்.

பயமுறுத்த எழுதவில்லை. பெரும்பாலான ஈறுக் கொப்புளங்கள் இந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் போகும் என்பதும் உண்மை. 2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் தொடங்கிய தொற்று மூளை வரைக்கும் போய் இறந்துபோனான். அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர்தான் ஆகியிருக்கும் என்று அப்போது செய்திகளில் எழுதினார்கள். என் அனுபவத்தில், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று மேல் கடைவாய்ப் பல் தொற்றோடு வலது கண் திறக்க முடியாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி, அந்தப் பல்லை எடுத்தோம். இரண்டாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாள். வீக்கம் தொடங்கியபோதே வந்திருந்தால் ஒரு சாதாரண நாற்காலியில் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

அவள் ஏன் தாமதமாக வந்தாள் தெரியுமா? வீட்டில் அதைப் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துவிட்டார்கள், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை அரைத்துத் தடவி, நான்கு நாள் காத்திருந்தார்கள். இது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற குழப்பம், அதனால் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும், காது மடலையே கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டும், பல தடவை இரண்டு பக்கமும் வரும், வாய்க்குள் ஈறு சாதாரணமாக இருக்கும். பல்லால் வரும் வீக்கம் அந்தப் பல்லை ஒட்டிய கன்னத்தில் இருக்கும், உதட்டை விலக்கிப் பார்த்தால் சொத்தைப் பல் ஒன்றும் அதன் அருகே சிவந்த ஈறும் தெரியும், தொட்டால் குழந்தை கையைத் தட்டிவிடும். எப்படியிருந்தாலும் கன்னம் வீங்கினால் டாக்டர் பார்த்துவிடட்டும், சங்கிலி போடுவது அப்புறம்.

டாக்டரிடம் போகிற வரைக்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்றால், வெந்நீர் ஒத்தடம் மட்டும் கன்னத்தில் வெளிப்பக்கம் வேண்டாம். நம் பாட்டிமார் முதலில் எடுப்பது அதைத்தான், ஆனால் வெளியே சூடு கொடுத்தால் சீழ் தோல் பக்கமாக இழுக்கப்பட்டு அங்கேயே உடைந்துவிடலாம். தாடைக்குக் கீழே குழிவிழுந்த தழும்போடு ஒரு பையன் இருக்கிறான், அது ஒத்தடத்தால் வந்தது, பல்லைப் பிடுங்கியும் தழும்பு போகவில்லை. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக்குள் வைப்பதும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், ஈறு வெந்துபோகும், விழுங்கினால் கல்லீரலுக்கே ஆபத்து. கற்பூரமும் அப்படித்தான். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்து "பல் புழு" எடுப்பவர்களிடம் போகாதீர்கள், பல்லில் புழு கிடையாது, பூச்சிப் பல் என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலை. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், நகத்தால் அழுத்தாதீர்கள். சாப்பிட்டதும் இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கத் தெரிந்தால் கொப்பளிக்கட்டும், அது போதும்.

வலி திரும்ப வந்தால் பாராசிட்டமால் கொடுங்கள், ஆனால் இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு, உங்கள் பையனுக்கு 160 முதல் 240 மி.கி. நம் கடைகளில் பாராசிட்டமால் சிரப் இரண்டு பலத்தில் விற்கிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. இருப்பது ஒன்று, 250 மி.கி. இருப்பது இன்னொன்று. முதல் பாட்டிலில் 8 மில்லி கொடுத்தால் அவனுக்குச் சரியாக இருக்கும், அதே 8 மில்லியை இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினால் 400 மி.கி., இரண்டு மடங்கு. பாட்டிலின் முன்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், டீஸ்பூனில் அளக்காதீர்கள், மூடியோடு வருகிற அளவுக் கப்பையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இபுப்ரோஃபென் பல் வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்கும், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும், ஆனால் அதை டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். முக்கியமாகக் காய்ச்சல் இருந்து அது டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இபுப்ரோஃபெனைத் தொடவே கூடாது, மழைக்காலத்தில் இதை மறக்காதீர்கள். பல சிரப்புகளில் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், அதைக் கொடுத்துவிட்டு "காய்ச்சலுக்கு" என்று தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்தால் கணக்கு தப்பிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கிடையவே கிடையாது, ரேய்ஸ் சிண்ட்ரோம் என்கிற, மூளையையும் கல்லீரலையும் தாக்குகிற நோய் வரலாம். நிமசுலைட் என்கிற வலி, காய்ச்சல் மருந்து 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது, பழைய பாட்டில் யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் எப்போது உண்மையிலேயே தேவை? முகம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், தொற்று பல்லைத் தாண்டிப் பரவுகிறது என்று தெரிந்தால். ஈறில் வடிகிற சின்னக் கொப்புளம் மட்டும் இருந்து குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தால் தேவையில்லை, பல்லுக்குச் சிகிச்சை செய்தால் கொப்புளம் தானே வற்றிவிடும். எழுதிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அமாக்சிசிலினாக இருக்கும், எடைக்குத் தகுந்த அளவு, அதனால் அக்காவுக்குக் கொடுத்து மிச்சம் வைத்ததைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. பொடியாக வருகிற பாட்டிலில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் கலக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், லேபிளில் சொன்ன நாள் முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், பென்சிலின் அலர்ஜியாக இருக்கலாம், அமாக்சிசிலினும் அந்த வகைதான்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி. பால் பல் விழத்தான் போகிறது. ஆனால் எப்போது? முன் பற்கள் 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் விழும். கடைவாய்ப் பால் பற்கள் 9 முதல் 12 வயது வரைக்கும் இருக்க வேண்டியவை. டாக்டர் சீட்டில் 75 என்று எழுதியிருப்பார் பாருங்கள், அது கீழ் இடது இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லின் எண் (பால் பல் என்றால் முதல் எண் 5, 6, 7, 8-ல் ஏதாவது ஒன்றாக இருக்கும்). அந்தப் பல்லுக்கு இன்னும் ஆறு ஏழு வருட வேலை பாக்கி இருக்கிறது. சோற்றை மென்று தின்பதும் அதில்தான். அதைவிட முக்கியமான வேலை இன்னொன்று உண்டு: 6 வயது வாக்கில் அந்தப் பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே, ஒரு நிலையான கடைவாய்ப் பல் முளைக்கும், அது 75-இன் முதுகில் சாய்ந்துகொண்டுதான் தன் இடத்துக்கு வந்து உட்கார வேண்டும். 75 இல்லையென்றால் அது முன்னால் நகர்ந்து வந்துவிடும், கீழே இருந்து 11 வயதில் மேலே வரவேண்டிய பல்லுக்கு இடம் இல்லாமல் போகும், அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும் அல்லது கோணலாக வெளியே வரும். அப்புறம் பத்தாம் வகுப்பில் கம்பி கட்டுவதற்கு ஆகிற செலவையும் காலத்தையும் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

விட்டுவைப்பதில் இன்னொரு சேதமும் இருக்கிறது, அது வெளியே தெரியாது. பால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் கோழிக்கால் மாதிரி விரிந்திருக்கும், அந்த விரல்களுக்கு நடுவில்தான் அடுத்த பல்லின் மொட்டு இருக்கிறது. பால் பல்லில் தொற்று வந்தால் சீழ் பெரும்பாலும் வேர் நுனிக்குப் போகாமல் வேர்கள் பிரிகிற அந்த இடத்திலேயே, அதாவது மொட்டுக்கு நேர் மேலேயே தங்கும், கொப்புளம் ஈறின் விளிம்புக்குப் பக்கத்தில் வருவதும் அதனால்தான். நாலரை வயதில் அந்த மொட்டின் எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, 6, 7 வயதில்தான் முடியும். மாதக்கணக்கில் சீழ் அதன் தலைமேல் இருந்தால் புதுப் பல் முளைக்கும்போதே மஞ்சளாகவும் பழுப்பாகவும், குழிகுழியாகவும், நொறுங்குகிற மாதிரியும் வரலாம். டர்னர் பல் என்று அதற்குப் பெயர். அதனால் உங்கள் முன் இருப்பது இரண்டே வழிதான், சிகிச்சை செய்து வைத்துக்கொள்வது அல்லது எடுத்துவிடுவது. சீழோடு அப்படியே விட்டுவைப்பது மூன்றாவது வழி ஆகாது.

எதைச் செய்வது என்று வாயைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, எக்ஸ்ரே வேண்டும். அந்த ஒரு பல்லுக்கு எடுக்கிற சின்னப் படம் போதும், அதில் கதிர்வீச்சு மிகக் குறைவு. உங்களிடம் பேசிய இரண்டு டாக்டர்களில் எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவர் பேச்சுக்குத்தான் எடை அதிகம். படத்தில் நான் பார்ப்பது மூன்று. வேர்கள் முழுதாக இருக்கின்றனவா, அல்லது தொற்று அரித்துக் குட்டையாகிவிட்டனவா? வேர்களுக்கு நடுவில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, கரைந்த இடத்தில் தெரிகிற கறுப்பு நிழல் மொட்டைச் சுற்றியுள்ள உறையைத் தொட்டுவிட்டதா? மேலே பல் மிச்சம் இருக்கிறதா, கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே கொஞ்சமாவது நல்ல பல் வேண்டுமே. வேர் நன்றாக இருந்து, எலும்புச் சேதம் கொஞ்சமாக இருந்து, பல் அதிகம் ஆடாமல் இருந்தால் காப்பாற்றலாம். வேர் அரித்திருந்தால், சொத்தை பல்லின் அடித்தளத்தையே ஓட்டை போட்டிருந்தால், நிழல் மொட்டைச் சூழ்ந்திருந்தால், அல்லது ஆன்டிபயாடிக் கொடுத்தும் முகவீக்கம் திரும்பத் திரும்ப வந்தால், எடுத்துவிடுவதுதான் குழந்தைக்குச் செய்கிற நல்லது.

உங்கள் பையன் விஷயத்தில், எக்ஸ்ரே இடம் கொடுத்தால் நான் காப்பாற்றத்தான் பார்ப்பேன். காரணம் அவன் வயது. பின்னால் வரவேண்டிய 6 வயதுப் பல் இன்னும் முளைக்கவில்லை, இந்த நேரத்தில் இழக்கக் கூடாத பல் ஒன்று உண்டென்றால் அது இந்த இரண்டாவது கடைவாய்ப் பால் பல்தான். இதே பிரச்சினை ஒன்பதரை வயதில் வந்திருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

காப்பாற்றுவது எப்படி என்றால், நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைக்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, பல்பாட்டமி என்பார்கள், அது வேருக்குள் நரம்பு உயிரோடு இருக்கிற பல்லுக்கு மட்டும். சீழ் வந்துவிட்ட பல்லுக்கு அது ஆகாது, யாராவது அதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இவனுக்கு வேண்டியது பல்பெக்டமி, அதாவது குழந்தைகளுக்கான ரூட் கெனால். மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி எடுத்து, வேருக்குள் செத்துக் கிடப்பதையெல்லாம் மெல்லிய கம்பிகளால் சுத்தம் செய்து, கழுவி உலர்த்தி, ஒரு பசையால் நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு வேரில் வைக்கிற ரப்பர் போன்ற பொருள் கரையாது, குழந்தைக்கு வைப்பது கரைகிற பசை, கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடஃபார்மும் கலந்தது, அல்லது துத்தநாக ஆக்சைடு. வேர் தானாகக் கரைந்து பல் விழ வேண்டிய வயதில் பசையும் கூடவே கரைய வேண்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். சீழ் அதிகம் இருந்தால் ஒரே நாளில் முடிக்காமல், உள்ளே மருந்து வைத்து மூடி, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி நிரப்புவார்கள், இரண்டு தடவை வரச்சொன்னால் பணத்துக்காக என்று நினைக்காதீர்கள்.

கேப் வேண்டாம், வெறும் சிமென்ட் போதும் என்று செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரூட் கெனால் செய்த பால் பல் நடுவில் வெறும் கூடு, கடலை மிட்டாய் ஒன்றைக் கடித்தால் பிளந்துவிடும், சிமென்ட் ஓரத்தில் கசிந்தால் கிருமி திரும்ப உள்ளே போய்விடும், செய்த வேலை முழுக்க வீண். வெள்ளி நிறத்தில் இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப், அளவு பார்த்து அன்றைக்கே ஒட்டிவிடலாம், பல் விழும்போது கேப்பும் சேர்ந்து விழும். வெள்ளை சிர்கோனியா கேப்பும் இருக்கிறது, அழகுக்காக மட்டுமே விலை அதிகம், பல்லையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பின்பல்லுக்கு ஸ்டீல் போதும். போட்ட இரண்டு மூன்று நாள் "உயரமா இருக்கு" என்பான், தானே சரியாகிவிடும்.

பிடுங்கத்தான் வேண்டும் என்று வந்தாலும் மனம் உடைய வேண்டாம், ஆனால் பிடுங்கியதோடு கதை முடியவில்லை. அந்த இடத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்ன உலோக வளையம் போட வேண்டும், ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பார்கள். 6 வயதுப் பல் வந்துவிட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளையம் நிற்கும். இன்னும் வராத உங்கள் பையனுக்கு அது கொஞ்சம் சிக்கலானது, ஈறுக்குள் இறங்கி உள்ளே இருக்கிற பல்லுக்கு வழிகாட்டுகிற வகை தேவைப்படும், எல்லா இடத்திலும் செய்வதில்லை. காப்பாற்றப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிடுங்கச் சொன்ன டாக்டரிடம் "இடத்துக்கு என்ன செய்யப்போறீங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஊசிக்குப் பயப்படுவான் என்று எழுதியிருந்தீர்கள். "ஊசியே போட மாட்டாங்க" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் உங்களையும் நம்ப மாட்டான், என்னையும் நம்ப மாட்டான். "டாக்டர் பல்லைத் தூங்கவைச்சுட்டு சுத்தம் பண்ணுவாங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றால் போதும், உண்மையும் அதுதான். ஊசிக்கு முன்னால் ஈறில் மரத்துப்போகிற ஜெல் தடவுவார்கள். வீட்டில் சேட்டை செய்யும்போது "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், தூக்கம் வருகிற மதிய நேரத்தில் எந்தக் குழந்தையும் ஒத்துழைக்காது. தொற்று கடுமையாக இருக்கும்போது மரத்துப்போகிற மருந்து சரியாக வேலை செய்யாது, அதனால் சில நாள் வீக்கத்தை இறக்கிவிட்டு அப்புறம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டிலும் கன்னத்திலும் உணர்வு இருக்காது, மென்று மென்று புண்ணாக்கிக்கொள்வான், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பற்களில் சிகிச்சை தேவைப்பட்டு, குழந்தை நாற்காலியில் உட்காரவே மறுத்தால், மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிக்கலாம். ஆனால் மயக்க மருந்து நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரியில் மட்டும், வெறும் வயிறு விதியை அவர்கள் சொன்னபடி மணிக்கணக்கு பார்த்து. "ஒரு வாய் பால்தானே" என்று கொடுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. பையனுக்கு இதயத்தில் ஓட்டை, வலிப்பு, ரத்தம் உறையாத பிரச்சினை, ஆஸ்துமா, எந்த மருந்துக்காவது அலர்ஜி என்று ஏதாவது இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சில இதய நோய் உள்ள குழந்தைகளுக்குப் பல்லில் கை வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். சென்னையில் இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளின் பல் பிரிவு எல்லாம் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு, குழந்தைகள் பிரிவு என்று கேட்டுப் போங்கள், மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் அதிகம் ஆகும், ஆனால் பொறுமையாகச் செய்வார்கள்.

போகிற அன்றைக்கே மற்றப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் பல்லின் எனாமல் நிலையான பல்லில் பாதி தடிமன்தான், சொத்தை ஒரு பல்லில் நரம்பு வரைக்கும் போயிருந்தால் பக்கத்துப் பல்லிலும் எதிர்ப்பக்கத்துப் பல்லிலும் பெரும்பாலும் தொடங்கியிருக்கும், அவற்றை இப்போதே அடைத்தால் ஊசிகூடத் தேவைப்படாது. ராத்திரி சர்க்கரை போட்ட பாலைக் குடித்துக்கொண்டே தூங்குகிற பழக்கம் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த வயதில் நான் பார்க்கிற சீழ்ப் பற்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேதான் தொடக்கம். பால் குடித்து முடித்ததும் பிரஷ், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். 7, 8 வயது வரைக்கும் பிரஷ் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஃப்ளூரைடு 1000 பி.பி.எம். உள்ள பேஸ்ட், 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு, அதற்குக் கீழே அரிசி அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம் இருக்கிற ஊரில் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டுப் பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள்.

ரூட் கெனால் செய்த பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் இருந்த இடமே தெரியாமல் போக வேண்டும். போகவில்லை என்றாலோ, ஆறு மாதம் கழித்து எடுக்கிற எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு நிழல் சுருங்காமல் பெரிதாகியிருந்தாலோ, சிகிச்சை பலிக்கவில்லை, அப்போது தயங்காமல் பல்லை எடுத்துவிட்டு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை, பல் தேய்க்கும்போது, உதட்டை விலக்கி அந்த ஈறை ஒரு பார்வை பாருங்கள்.